வைஸ் கையெழுத்துப் போடாத செக்

செல்வம், இரவு 8:12
கோயில் கொடைக்கு டிக்கெட் போட்டாச்சு, திங்கள் காலை நெல்லையில் இறங்கிவிடுவேன். அப்புறம் ஒரு விஷயம். இன்றைக்கு ஆபீஸில் மதியம் முழுக்க ஒரே சண்டை. பிரதமரை எம்.பி.க்கள் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, அமெரிக்கா மாதிரி நாடு முழுக்க ஓட்டுப் போட்டு ஒரு அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? ஐந்து வருஷம் யாரும் கவிழ்க்க முடியாது. நான் அந்தப் பக்கம்தான்.

முருகன், 8:15
அமெரிக்காவிலேயே அது நேரடி கிடையாது மாப்ள. 2016ல் ஹிலாரிக்கு 28 லட்சம் ஓட்டுக்கு மேல் கூட விழுந்தது, ஜெயித்தது டிரம்ப். மாநிலத்துக்கு இத்தனை என்று தேர்வாளர்களை வைத்து எண்ணுகிறார்கள்.

செல்வம், 8:16
சரி அத்தான், அமெரிக்காவை விடுங்கள். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270, ஒரே ஒரு ஓட்டில் போனது. அதற்காக நாடு முழுக்கத் திரும்பத் தேர்தல். நம்மூரில் 2017ல் கூவத்தூர் ரிசார்ட். நாம் யாருக்கோ ஓட்டுப் போட்டோம், யாரோ முதல்வர். நெல்லை மேயரையே எடுங்களேன், 2011ல் நீங்களெல்லாம் வரிசையில் நின்று நேரடியாகப் போட்டீர்கள். 2022ல் 55 கவுன்சிலர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2024ல் அவர் விலகியதும் அவர்களே இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டவுனில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கோமதி அத்தை, 8:24
மருமகனே, நேரடித் தேர்தல் பற்றி என்னிடம் கேள். 2011ல் இருந்து 2016 வரை வார்டு உறுப்பினராக இருந்து தலைமுடி நரைத்தவள் நான்.

பஞ்சாயத்துத் தலைவரை ஊரே நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறது. வைஸை, அதாவது துணைத் தலைவரை மட்டும் உறுப்பினர்கள் நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்கில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம். எங்கள் நேரம், தலைவர் ஒரு பக்கம், உறுப்பினர்களில் முக்கால்வாசி எதிர்ப் பக்கம், வைஸும் அந்தப் பக்கம். (பெயர் வேண்டாம், ரெண்டு பேர் வீட்டிலும் கல்யாணத்துக்குச் சாப்பிட்டிருக்கிறோம்.) கேட்டால் அவர் "ஊரே எனக்குத்தான் ஓட்டுப் போட்டது" என்பார், இவர் "எங்களுக்கும் அதே ஊர்தான் போட்டது" என்பார். ரெண்டு பேர் சொல்வதும் நிஜம், அதுதான் வினை. சித்திரை மாதம் தண்ணித் தொட்டி மோட்டார் எரிந்து போச்சு. காயில் கட்ட அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டு போனால், கட்டி முடித்த ஆள் பணம் வந்தால்தான் மோட்டார் என்று கடைக்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். செக் எழுதியாச்சு, வைஸ் கையெழுத்து இல்லை. ஒன்பது நாள். சனம் அவர்கள் ரெண்டு பேரையும் விட்டுவிட்டு என் வீட்டு நடையில் பிளாஸ்டிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தது. கடைசியில் என் கைக்காசு மூவாயிரம் கொடுத்து மோட்டாரை மீட்டு வந்தேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

முருகன், 8:27
அம்மா, அதை இன்னும் விடவில்லையா 😄 மாப்ள, இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவில் நடக்கிறது. அதிபரும் காங்கிரசும் ஒத்துப்போகாவிட்டால் அரசாங்கத்துக்குப் பணம் நின்றுபோகும். 2018 டிசம்பரில் ஆரம்பித்து 35 நாள் பல அரசு அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. இங்கே பட்ஜெட் தோற்றால் அரசாங்கமே போய்விடும், அதனால் இப்படி இழுத்துக்கொண்டு நிற்காது.

மீனா, 8:28
கொடை வரி இன்னும் மூன்று வீடு பாக்கி. இந்தச் சண்டைக்கு நடுவில் அதையும் பாருங்கள்.

கண்டித் தாத்தா, 8:41
பேசினால் எழுதுகிற வசதியில் அனுப்புகிறேன் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1982ல் நான் கண்டியில் புடவைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், எனக்கு அங்கே ஓட்டு இல்லை, வேடிக்கை பார்த்தேன். 1978 வரை இலங்கையிலும் நம்மைப் போல பிரதமர் ஆட்சிதான். ஜே.ஆர். ஜெயவர்த்தன 1977ல் ஆறில் ஐந்து பங்கு இடம் பிடித்துப் பிரதமராக வந்தார், 1978ல் சட்டத்தை மாற்றினார், தானே அதிபர். சொன்ன காரணம் செல்வம் சொல்வதேதான், நிலையான ஆட்சி, யாரும் கவிழ்க்க முடியாது. 82 அக்டோபரில் முதல் நேரடித் தேர்தல். எதிர்த்து நிற்க வேண்டிய முன்னாள் பிரதமர் சிறிமாவோவுக்குக் குடியியல் உரிமைப் பறிப்பு, அவர் நிற்கவே முடியவில்லை. தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். டிசம்பரில் பார்லிமெண்டுக்குத் தேர்தலே வேண்டாம், இன்னும் ஆறு வருஷம் அப்படியே இருக்கட்டும் என்று ஒரு ஓட்டெடுப்பு. விளக்குச் சின்னம் என்றால் சரி, குடம் என்றால் வேண்டாம். விளக்கு ஜெயித்தது. அடுத்த ஆடி மாதம் கலவரத்தில் கடை எரிந்தது, நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

கண்டித் தாத்தா, 8:44
இன்னொன்று. பின்னால் அதிபரான சந்திரிகா 94ல் அந்த அதிபர் பதவியை ஒழிப்பேன் என்றார், மகிந்தவும் 2005ல் அதையே சொன்னார். உட்கார்ந்த பிறகு யாருக்கு மனசு வரும்? மகிந்த 2010ல் ரெண்டு தடவைதான் என்ற வரம்பையே எடுத்துவிட்டார், 2015ல்தான் அது திரும்ப வந்தது.

செல்வம், 8:47
தாத்தா, அது ஜே.ஆர். என்ற ஆளின் குற்றம், முறையின் குற்றமா?

கண்டித் தாத்தா, 8:50
ஆள் கெட்டவனாக வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தானே முறை? கோத்தபய 2019ல் 52 சதவீதம் வாங்கி நேரடியாக வந்தவர். 2022ல் பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை, ஊரே போ என்கிறது, போகவில்லை. உங்கள் வாஜ்பாயை இறக்க ஒரு ஓட்டுப் போதும். இவரை இறக்க சனம் மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம் யார் வந்தார்? கட்சிக்கு ஒரே ஒரு இடம் வைத்திருந்த ரணிலை எம்.பி.க்கள் 134 ஓட்டில் தேர்ந்தெடுத்தார்கள்.

முருகன், 8:58
அம்பேத்கர் 1948 நவம்பரில் இதைத்தான் பேசினார். நிலைத்தன்மை, பொறுப்பு, ரெண்டையும் சமமாகத் தருகிற முறை இதுவரை இல்லை, அமெரிக்க முறையில் முதலாவது அதிகம், நம் வரைவு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது என்று. சபையில் தினமும் கேள்வி கேட்கலாம், அங்கே தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அது போக நம் பங்கைப் பார். மக்களவையில் 543க்கு 39, நூற்றுக்கு ஏழு சொச்சம். 2024ல் நாட்டில் கிட்டத்தட்ட 97 கோடி வாக்காளர், இங்கே 6.23 கோடி. ஒரே ஓட்டாக எண்ணினால் நாம் ஆறரைகூட இல்லை. தொகுதி எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்தி வைத்ததால் கிடைத்த பலன் ஒரே நாளில் போய்விடும். அதிபராக ஆசைப்படுகிறவர் வண்ணார்பேட்டைக்கு எதற்கு வரப்போகிறார்?

செல்வம், 9:01
மாநிலத்துக்கு ஒரு மதிப்பு வைக்கலாமே. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176, உ.பி.க்கு 208 என்று இருக்கிறதே, அந்த மாதிரி.

முருகன், 9:02
வைத்தால் அது நேரடி இல்லை லே. திரும்ப ஹிலாரி கதை.

கோமதி அத்தை, 9:06
மேயருக்கு நேரடித் தேர்தல் என்றால் நானும் உன் கட்சிதான் மருமகனே. மேயரிடம் என்ன ராணுவமா இருக்கிறது? குப்பை வண்டிதானே. நாட்டுக்கு மட்டும் வேண்டாம்.

செல்வம், 9:09
எல்லாம் சரி. அந்த ஒரு ஓட்டுக்கும் கூவத்தூருக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

முருகன், 9:14
ஒரு ஓட்டுக்கு இருக்கிறது. ஜெர்மனியில் சான்சலரை இறக்க வேண்டுமானால் அடுத்தவர் யார் என்பதையும் அதே ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும், சும்மா கவிழ்க்க முடியாது. இதுவரை ஒரே தடவைதான் பலித்திருக்கிறது, 1982ல், ஷ்மிட் போய் கோல் வந்தார். அந்த விதி இங்கே இருந்தால் 1999ல் அந்த 270 பேரும் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பார்களா? கூவத்தூருக்கு என்னிடம் மருந்து இல்லை.

செல்வம், 9:15
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அத்தான், ஒரு மணி நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோமதி அத்தை, 9:16
வக்கீல் இல்லையா, ரெண்டு வாய்தா வாங்காமல் வாயைத் திறக்க மாட்டான்.

மீனா, 9:17
அந்த மூன்று வீட்டில் ஒன்று நம் வீடு அண்ணா.