ஆய்வுத் தரவைப் பாதுகாக்கப் பயிற்சி: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆய்வேட்டை ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏற்றிவிடுகிறோம். பேட்டி ஒலிப்பதிவும் எக்செல் கோப்பும் மாணவரின் பென்டிரைவோடு போய்விடுகின்றன. போன வாரம் ஒரு மாணவி அழாத குறையாக வந்தார். மூன்று வருடக் களப்பணி, ஒரே ஹார்ட் டிஸ்க், அதுவும் கீழே விழுந்துவிட்டது. மெயிலில் கிடந்த ‘ஃபைனல்2_புதுசு’தான் மிச்சம். (எல்லோரிடமும் இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும்போல!)

இனி வருகிறவர்களுக்காவது மாதம் ஒரு பயிற்சி நடத்தலாமென்று இருக்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்பதைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ (தரவுக்கான நிரந்தர அடையாள எண்) இலவசம் என்பதும் தெரியும். பேட்டி கொடுத்தவரின் பெயர், ஊரை மறைத்துப் பகிர்வதில்தான் தடுமாறுகிறேன். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்ற எதைப் பயன்படுத்துகிறீர்கள்? பேட்டி கொடுப்பவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்துக்குத் தமிழில் மாதிரி இருந்தால் அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.