1810 காலத்து கவுன்: பேட்டர்ன் சைஸ் 14 முதுகில் தொளதொள, ஆனால் கை தூக்க முடியவில்லை

ஊசிக்காது (சுங்கை சிப்புட்):
வணக்கம். இடைநிலைப்பள்ளி ஆங்கில நாடகத்துக்கு ஒரு கவுன் தைக்கிறேன். 1810 வாக்கில் இங்கிலாந்தில் போட்ட மாடல், மார்புக்குக் கீழேயே இடுப்புத் தையல் வரும். அமெரிக்க பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி). உறையில் சைஸ் 14-க்கு மார்பு 36, இடுப்பு 28 என்று போட்டிருக்கு. போடப்போகிற பெண்ணுக்கு மார்பு 36, மேல்மார்பு (அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே சுற்றளவு) 34, உயரம் 5 அடி 2. அதனால் 14-ஐ வெட்டி, பழைய துணியில் மேல்பாகத்தை மட்டும் தைத்துப் பார்த்தேன். முதுகில் தொளதொள, கையைத் தூக்கினால் மேல்பாகம் முழுக்கக் கூடவே ஏறுது. கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டலாமா? இன்னொன்று, உறையில் 60 இஞ்ச் அகலத்துக்குத்தான் கணக்கு. இங்கே கிடைப்பது 44 இஞ்ச் காட்டன் வாயில் (voile, மெலிசான பருத்தித் துணி). எத்தனை மீட்டர் எடுக்கணும்? சேலை பிளவுஸ், பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடை) எல்லாம் தைப்பேன், பேப்பர் பேட்டர்ன்தான் புதுசு.

தையல்மேசை:
கைக்குழியில் கத்தரியே வைக்காதீங்க! இறக்க இறக்க இன்னும் மோசமாகும். குழி அக்குளுக்குக் கீழே தொங்கினால், கை தூக்கும்போது பக்கத் தையலையும் சேர்த்து இழுக்கும். சேலை பிளவுஸில் குழியைப் பிடிப்பாகத்தானே வைக்கிறீங்க, இதுவும் அதே கணக்கு. மேல்பாகத்தில் அக்குள் பக்கம் ½ முதல் ¾ இஞ்ச் ஏற்றுங்க, கைத்துண்டின் அடியிலும் அதே அளவு ஏற்றணும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் பொருந்தாது. அந்தக் காலத்து வெட்டில் முதுகு ஒடுக்கம். கைக்குழி பின்பக்கம் உள்ளே தள்ளி வரும், கையின் சுருக்கமும் தோள் உச்சியில் இல்லாமல் பின்னால் சாய்ந்து நிற்கும்.

இப்போ சைஸ். உறையில் இருப்பது உடம்பு அளவு. தைத்து முடித்தால் எவ்வளவு வரும் என்பது உள்ளே டிஷ்யூ பேப்பரில், மார்புக் கோட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதில் 14-க்கு 40 என்றிருந்தால் 4 இஞ்ச் லூஸ் விட்டு வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மாடலுக்கு 1½, மிஞ்சினால் 2 இஞ்ச் போதும். அப்படியானால் 12-ஐ வெட்டுங்க. மேல்மார்புக்கும் மார்புக்கும் 2 இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேல்மார்பை வைத்து சைஸ் பிடித்து மார்பில் மட்டும் கூட்டணும். இந்தப் பெண்ணுக்குச் சரியாக 2, அதனால் அந்த வேலை இல்லை.

தையல் ஓரத்தையும் பாருங்க. இந்தப் பேட்டர்ன்களில் அது 5/8 இஞ்ச், பேட்டர்னுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். பழக்கத்தில் ½ இஞ்சில் ஓட்டினால் ஒரு தையலுக்கு ¼ இஞ்ச் கூடும். முதுகில் இரண்டு, பக்கத்தில் இரண்டு, ஆக 1 இஞ்ச் லூஸ். தொளதொளவுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மாஜோங்பேப்பர்:
டிஷ்யூவை நேராக வெட்டாமல் மாஜோங் பேப்பரில் (பெரிய வெள்ளைத் தாள்) படி எடுத்துக்கோங்க, 14-உம் பத்திரமாக இருக்கும். கசங்கியிருந்தால் லேசான சூட்டில் அயர்ன், ஸ்டீம் மட்டும் கூடாது, சுருங்கிடும்.

வெள்ளைநூல்:
துணிக் கணக்கு: 5 அடி 2-க்கு மார்புக்கடியிலிருந்து தரை வரை சுமார் 43 இஞ்ச் வரும், ஆனாலும் அளந்தே பாருங்க. மேடையில் காலில் மிதிபடாமல் 1 இஞ்ச் குறைத்தால் 42. மடிப்புக்கு 3, மேலே 1, ஆக 46. முன்னும் பின்னும் ஒவ்வொரு துண்டு, சுமார் 2.4 மீட்டர். மேல்பாகத்துக்கும் குட்டைக் கைக்கும் 1 மீட்டர். காட்டன் சுருங்கும் என்பதால் 4 மீட்டர் வாங்கி, துவைத்துக் காயவைத்து வெட்டுங்க. மேல்பாக லைனிங்குக்கு 1 மீட்டர் தனி. தூடோங் (முஸ்லிம் பெண்களின் தலைமுக்காடு) தைக்கிற வாயில் துணியே போதும், கை நிறைய அள்ளினால் வழுக்கி விழுகிற மாதிரி மெலிசாக இருக்கணும்.

பாவாடைச் சுருக்கத்தைச் சுற்றிலும் சமமாகப் பரப்பச் சொன்னால் கேட்காதீங்க, நைட்டி மாதிரி ஆகிடும். முன் துண்டை மேலே 26, கீழே முழு அகலம் என்று சாய்த்து வெட்டி, சுருக்கமே இல்லாமல் வையுங்க. பின் துண்டு முழுதும் நடு முதுகில் 6 இஞ்சுக்குள் அடங்கணும். கிட்டத்தட்ட ஏழுக்கு ஒன்று! மெஷின் நூலால் இழுத்தால் அறுந்திடும். ¼ இஞ்ச் ஓட்டுத் தையல், கையால், இரண்டு வரிசை, மேலும் கீழும் புள்ளி நேராக. சாய்த்து வெட்டிய முக்கோணங்களை எறியாதீங்க, கழுத்துக்குக் கிராஸ் பட்டி (குறுக்குச் சாய்வாக வெட்டும் பட்டி) அதிலேயே வரும்.

வாயிலுக்கு 9 அல்லது 10 நம்பர் ஊசி, தையல் நீளம் 2. பாவாடைப் பக்கத் தையலை வெளிப்பக்கம் தெரிய ¼ இஞ்சில் தைத்து, 1/8-க்கு நறுக்கி, திருப்பி 3/8-இல் தைத்தால் மொத்தம் 5/8 சரியாக வந்துடும், பிசிறு உள்ளே மறையும். முதுகு வளைவில் இது வேண்டாம், மடங்காது.

ஊசிக்காது:
நன்றிக்கா. 12-இல் மறுபடி பார்க்கிறேன். பேட்டர்னில் ஜிப் வைக்கச் சொல்லி இருக்கே, வைக்கலாமா? வாயிலுக்குப் பதில் கரை வைத்த காட்டன் சேலையை வெட்டலாமா?

தையல்மேசை:
பெண்கள் உடையில் ஜிப் பரவியதே 1930-களில்தான். பின்னால் கொக்கியும் நூல் வளையமும் போடுங்க, பாவாடையில் 8 இஞ்ச் திறப்பு விடுங்க. கழுத்தில் நாடா உருவிக் கட்டுவதும் அந்தக் காலத்து முறைதான். வெட்டிய உடனே கழுத்தைச் சுற்றி ½ இஞ்சில் ஒரு வரிசை ஓட்டிடுங்க, இல்லாவிட்டால் இழுபட்டு விரியும்.

சேலை தாராளமாக வெட்டலாம். வங்காள மஸ்லின் அப்போது இங்கிலாந்துக்குக் கப்பலில் போனது. 45 இஞ்ச் அகலச் சேலையில் கீழ்க்கரையே மடிப்புக்குப் பதில், 42-க்குத் துணி பற்றும். மேல்கரை 2 இஞ்சுக்கு மேல் இருந்தால் மட்டும் மார்புக்கடியில் கோடாகத் தெரியும், அப்படிப்பட்ட சேலையைத் தவிர்த்திடுங்க.

வெள்ளைநூல்:
உள்பாவாடையை இடுப்பில் கட்டினால் முடிச்சு வெளியே புடைக்கும், இல்லாத இடுப்பும் தெரியும். தோளில் பட்டி வைத்து மார்புக்கடியிலிருந்து தொங்க விடுங்க. உள்ளாடைப் பட்டியை இழுத்து மார்பை உயர்த்திய பிறகே 43-ஐ அளக்கணும். அதற்கு முன்னால் அளந்தால் தையல் மார்புக்கடியை விட்டுக் கீழே இறங்கிடும்.