புதுப்பிப்பு: மாஸ்டரிங்குக்கு மிக்ஸை எக்ஸ்போர்ட் செய்வது

மாஸ்டரிங்குக்கு (வெளியிடுமுன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) அனுப்பும் மிக்ஸில் (எல்லாத் தடங்களையும் கலந்த பதிவு) லிமிட்டரை (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) விட்டுவைப்பதா எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, எடுத்துவிட்டே அனுப்பினேன். சத்தத்தை ஏற்ற மட்டும் போட்ட லிமிட்டர் என்றால் தயங்காமல் எடுங்கள்; ஆனால் மாஸ்டர் பஸ்ஸில் (எல்லாத் தடங்களும் ஒன்றுசேரும் கடைசிப் பாதை) கம்ப்ரஸரை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போட்டுக்கொண்டே மிக்ஸ் செய்திருந்தால் அது பாட்டின் குணத்திலேயே கலந்துவிட்டிருக்கும், அதைத் தொட வேண்டாம். எக்ஸ்போர்ட் அமைப்பு: 32 பிட் ஃப்ளோட் வேவ் கோப்பு, ப்ராஜெக்டில் இருந்த அதே சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவு), நார்மலைஸும் (சத்தத்தைத் தானாக ஒரு அளவுக்குக் கொண்டுவருவது) டிதரும் (பிட்டைக் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) ஆஃப். அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று, கடைசி ஸ்வரம் ஓய்ந்த பிறகும் ரிவெர்ப் (அறையில் எதிரொலிப்பது போன்ற ஒலி நீட்சி) முழுதாக அடங்கும்வரை எக்ஸ்போர்ட் எல்லையை இழுத்து வையுங்கள், வால் அறுந்துபோனால் மாஸ்டரிங்கில் ஒட்டவைக்க முடியாது. லிமிட்டர் போட்ட வடிவத்தையும் ‘கேட்க மட்டும்’ என்று பெயரிட்டுக் கூடவே அனுப்பினேன், நான் எப்படிக் கேட்டுப் பழகியிருக்கிறேன் என்று மாஸ்டரிங் செய்பவருக்கு அதிலேயே புரிந்துவிட்டது.