வீட்டில் செய்யும் தயிர் ஐஸ் கல்லாக இறுகாமல் இருக்க என்ன வழி?

நிலாமுற்றம் கேட்கிறார்:

வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது. ஐஸ்க்ரீம் என்றால் அவனுக்கு உயிர். வாங்கிக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, தயிரில் பழம் சேர்த்து வீட்டிலேயே உறையவைத்துக் கொடுக்கலாம் என்று தொடங்கியிருக்கிறேன். கொழுப்பு நீக்கிய தயிரையும் ஸ்ட்ராபெர்ரியையும் மிக்சியில் அடித்து, டப்பாவில் ஊற்றி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தேன். சர்க்கரை சேர்க்கவில்லை. காலையில் கரண்டி இறங்கவே இல்லை. சற்று இளகிய பிறகு சாப்பிட்டால் ஐஸ் துகள்கள் பல்லில் நறநறவென்று கடிபடுகின்றன. புளிப்பும் தூக்கலாக இருக்கிறது. பிள்ளை ஒரு வாயோடு போதும் என்று சொல்லிவிட்டான்.

ஐஸ்க்ரீம் இயந்திரம் என்னிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. க்ரீம், கண்டென்ஸ்டு மில்க் எதுவும் சேர்க்காமல், முடிந்தால் சர்க்கரையும் இல்லாமல், கரண்டியில் வழித்துச் சாப்பிடும் பதத்தில் வருமா? வீட்டில் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு வாய் கொடுக்கலாமா?

மழைத்துளி:

உறைந்ததைச் சிறு துண்டுகளாக வெட்டி, பரிமாறுவதற்குச் சற்று முன் மிக்சியில் ஒரு சுற்று அடித்துவிடுங்கள். உடனே மென்மையாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

தயிர்க்கிண்ணம்:

மழைத்துளி சொன்னது உடனே சாப்பிட ஏற்ற வழி. ஆனால் மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் பழையபடி இறுகிவிடும். ஆகவே உறையவைப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தயிர் ஐஸ் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். தயிரிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொழுப்பை நீக்கிவிட்டால் அந்த அளவு இன்னும் சற்று ஏறும். ஸ்ட்ராபெர்ரியிலோ 90 சதவீதம் தண்ணீர். இரண்டையும் கலந்து ஆழமான டப்பாவில் அசைக்காமல் வைத்தால், உள்ளே இருக்கும் நீர் மெதுவாக உறைந்து பெரிய படிகங்களாக வளர்கிறது. பல்லில் கடிபடுவது அதுதான்.

அதனால் முதல் வேலை வடிகட்டுவது. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கொழுப்பு நீக்காத கெட்டித் தயிர் ஒரு கிலோ எடுங்கள். அதிகம் புளிக்காததாக இருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, வடிகட்டியின் மேல் இரண்டு மடிப்பாக விரித்து, தயிரை அதில் கொட்டுங்கள். துணியின் நான்கு முனைகளையும் தளர்வாக முடிந்து, மேலே ஒரு சிறு தட்டை வைத்து, அடியில் பாத்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வடியும், ஆனால் கூடவே புளிப்பும் ஏறும். முதல் ஒரு மணி நேரம் நீர் சளசளவென்று இறங்கும். பிறகு சொட்டுச் சொட்டாகக் குறையும். ஆறேழு மணி நேரம் கழித்துத் துணியைத் திறந்தால், தயிர் ஓரங்களில் துணியை விட்டுத் தானாகவே உரிந்து வரும், துணியின் நெசவு அதன் மேல் பதிந்திருக்கும். கரண்டியால் எடுத்துக் கவிழ்த்தால் விழாது. அந்தப் பதம்தான் வேண்டும். ஒரு கிலோ தயிர் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும். வடிந்த நீரில் புரதமும் கால்சியமும் உண்டு, கொட்டிவிடாதீர்கள். மாவு பிசையவோ சூப்பில் சேர்க்கவோ பயன்படுத்துங்கள். புளிப்பில் ஒரு பங்கும் அந்த நீரோடு போய்விடுவதால் தயிரே இனிதாகத் தெரியும்.

அடுத்தது இனிப்பு. சர்க்கரையே வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் ஐஸில் சர்க்கரைக்கு ருசியைத் தாண்டி இன்னொரு வேலை இருக்கிறது. நீரில் கரைந்த சர்க்கரை, உறைநிலையைக் கீழே இறக்குகிறது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், சர்க்கரை கரைந்திருந்தால் நீரில் ஒரு பகுதி உறையாமல் நீர்மமாகவே நிற்கும். கரண்டி இறங்குவது அதனால்தான். சர்க்கரைக்கு மாற்றாக விற்கும் கலோரியற்ற இனிப்புகளில் ஒரு சிட்டிகையே போதும் என்பார்கள். நாக்குக்கு அது போதும், ஆனால் அந்தச் சிட்டிகையால் தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது. கல் கல்லாகவே இருக்கும்.

ஆகவே இனிப்பைப் பழத்திலிருந்து எடுப்போம். தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் இதற்கென்றே படைத்ததுபோல் இருக்கும். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது, அதில் இருக்கும் பெக்டின் கலவைக்குக் கெட்டித்தன்மை தருகிறது. இரண்டு பழங்களை வில்லைகளாக அரிந்து தனியே உறையவைத்து, மிக்சியில் மழமழவென்று அரைத்துக்கொள்ளுங்கள். தேன் இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். தேனில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். இவற்றின் மூலக்கூறுகள் வெள்ளைச் சர்க்கரையினுடையதைவிடச் சிறியவை, அதனால் அதே எடைக்கு அதிகமாக இளக்கும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மங்கலாகத்தான் தெரியும், எனவே உறைவதற்கு முன் ருசி பார்க்கும்போது ஒரு துளி தூக்கலாக இருக்கட்டும்.

அரைத்த பழத்தைத் தயிரில் கலக்கும்போது மிக்சியைத் தொடாதீர்கள். வடித்த தயிரை பிளேடால் அடித்தால் அதன் கட்டு உடைந்து நீர்த்துவிடும், இவ்வளவு நேரம் வடித்ததற்குப் பலன் இருக்காது. கரண்டியால் கீழிருந்து மேலாக மடித்து மடித்துக் கலந்தால் போதும்.

பிறகு அகலமான, ஆழமில்லாத தட்டு. கலவை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். சீக்கிரம் உறைந்தால் படிகங்கள் சிறிதாகவே இருக்கும். முக்கால் மணி நேரத்தில் ஓரங்கள் இறுகத் தொடங்கும். முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக் கிளறுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இப்படிச் செய்தால், மூன்று மணி நேரம் போல ஆகும்போது வழித்து எடுக்கும் பதம் வந்துவிடும். அந்த நேரத்தில் சாப்பிடுவதுதான் உச்சம்.

நிலாமுற்றம்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. தயிரை வடியப் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: வாழைப்பழ வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடாதா? பையனுக்கு ஸ்ட்ராபெர்ரிதான் வேண்டுமாம். கணவர் அன்னாசி கேட்கிறார்.

தாழம்பூ:

நடுவே வருவதற்கு மன்னியுங்கள், தேன் என்று படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து மாதக் குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா வித்துகள், பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்பார்கள், ஆபத்தான நோய். உறையவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. பாப்பாவுக்குத் தேனும் உப்பும் சேர்க்கும் முன்பே கொஞ்சம் தயிரை எடுத்து, மசித்த வாழைப்பழத்தோடு உறையவைக்காமல் கொடுங்கள். தயிர் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியவள் என்றால் அதுவே அவளுக்கு விருந்து.

பையனுக்கும் மேலே முழு பாதாம், முந்திரி தூவ வேண்டாம். ஐந்து வயதுக்குள் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. பொடித்துப் போடுங்கள்.

தயிர்க்கிண்ணம்:

தாழம்பூவுக்கு மிக்க நன்றி. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தேனைப் பற்றி எழுதும்போது முதல் வரியிலேயே இருக்க வேண்டிய செய்தி இது.

நிலாமுற்றம், ஸ்ட்ராபெர்ரியை அப்படியே போடாமல் சுண்டவைத்துப் போடுங்கள். கால் கிலோ பழத்தை நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோடு அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள். முதலில் சாறு விட்டுக்கொண்டு நீர்க்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிளறிக்கொண்டே இருந்தால் பத்து, பதினைந்து நிமிடங்களில் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக உடையத் தொடங்கும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும். அப்போது இறக்கி, முழுவதும் ஆறிய பிறகு தயிரில் சேருங்கள். இப்படிச் செய்தால் வாழைப்பழம் ஒன்று போதும், ஸ்ட்ராபெர்ரி மணமே முன்னால் நிற்கும். அந்த ஒரு கரண்டி சர்க்கரையைத் தவிர்க்க விரும்பினால், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் நாலைந்தை வெந்நீரில் ஊறவைத்து, நீரை இறுத்துவிட்டு அரைத்துச் சேர்க்கலாம். நிறம் கொஞ்சம் பழுப்பாகும், ருசிக்குக் குறைவிருக்காது.

அன்னாசியைப் பச்சையாகப் போடவே கூடாது. அதில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது தயிரின் புரதத்தை வெட்டிக் கலவையை நீர்க்கச் செய்யும், கசப்பும் ஏறும். பப்பாளி, கிவி இரண்டிலும் இதே போன்ற நொதிகள் உண்டு. ஸ்ட்ராபெர்ரியைப் போலவே நன்றாகக் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்தால் நொதி செயலிழந்துவிடும், பிறகு தாராளமாகச் சேர்க்கலாம்.

மழைத்துளி:

உறையவைத்தால் தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும் என்கிறார்களே?

தயிர்க்கிண்ணம்:

எல்லாம் சாவதில்லை. ஒரு பகுதி அழியும். மற்றவை உறைநிலையில் செயலற்று இருந்து, இளகியதும் மீண்டும் செயல்படத் தொடங்கும். அதனால்தான் ஆய்வகங்களில்கூட நுண்ணுயிர்களை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். சுண்டவைத்த பழத்தைச் சூடாகக் கொட்டுவதுதான் அவற்றுக்கு உண்மையான கேடு. முழுவதும் ஆறட்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலாமுற்றம்:

தாழம்பூ, பாப்பாவுக்கானதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று: மிச்சத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? அரை மணிக்கு ஒருமுறை கிளற முடியாத நாளில் என்ன செய்வது?

தயிர்க்கிண்ணம்:

ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கெட்டுப்போகும் என்பதற்காக இல்லை. ஃப்ரீசரைத் திறந்து மூடும்போதெல்லாம் வெப்பநிலை ஏறி இறங்கி, படிகங்கள் மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போகும். கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். பட்டர் பேப்பரைக் கலவையின் மேல் காற்று புகாமல் ஒட்டிவைத்து, அதன் மேல் மூடி போடுங்கள். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு கீழ்த்தட்டுக்கு மாற்றினால் சீராக இளகும். முழுதாக இளகிவிட்டதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

கிளற நேரமில்லாத நாளில் கரண்டியால் வழிக்கும் பதத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அதே கலவையைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மேலே பழத்துண்டுகளும் பொடித்த பாதாமும் தூவி உறையவிடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் பலகையாக இறுகிவிடும். கையால் உடைத்தால் படக்கென்று முறியும். இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கடித்ததும் வாயில் இளகிவிடும், படிகம் தெரியவே தெரியாது. பையன் கையில் கொடுக்கும்போது அடியில் ஒரு தட்டு வையுங்கள், விரல் சூட்டுக்கே உருகும்.