மட்கிய கட்டையில் கிண்ணப் பூஞ்சை: முதல் துளி தண்ணீராகவே இருக்கட்டும்

ஒரு மில்லிமீட்டர்கூட வராத கிண்ணத்தை முழுசாக சிலைடில் வைத்து அமுக்கினால் கூழ்தான் மிஞ்சும். புது சவர பிளேடால் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கீற்று எடுங்கள், 0.1 மி.மீ. தடிமன் போதும். ஒரு துளி தண்ணீர், மேலே கவர் சிலிப், பென்சில் ரப்பரால் மெதுவாக இரண்டு தட்டு. நுண்ணோக்கியின் 40 லென்ஸில் ஆஸ்கஸ்கள், அதாவது ஸ்போர் (பூஞ்சையின் வித்து) உருவாகும் பைகள், விசிறி மாதிரி விரிந்து நின்றால் வெட்டு சரி. பெரும்பாலும் பைக்கு 8 ஸ்போர் இருக்கும்.

எடுத்த எடுப்பிலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை விடாதீர்கள். காரம் பட்டதும் செல் செத்துவிடும். விறைத்து நின்ற ஆஸ்கஸ் சுருங்கும், ஸ்போருக்குள் தனித்தனியாக இருந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். எத்தனை துளி, எந்த அளவு, எங்கே இருக்கிறது என்பதுதான் பல பேரினங்களில் அடையாளமே!

*

இது ஆர்பிலியா என்ற கிண்ணப் பூஞ்சைப் பேரினத்துக்கு இரண்டு மடங்கு பொருந்தும். பல இனங்களில் ஸ்போர் 10 மைக்ரான் நீளத்தைத் தொடாது, அதனால் 100 எண்ணெய் லென்ஸ் இல்லாமல் வேலை ஆகாது. உயிருள்ள ஸ்போரின் ஒரு முனையில் ஒளியைப் பளிச்சென்று முறிக்கும் ஒரு சின்ன உருவம் தொங்கும். கண்ணீர்த் துளி, குச்சி என்று இனத்துக்கு இனம் வடிவம் மாறும். செல் செத்தால் அதுவும் போச்சு. காய்ந்துவிட்டதே என்று தூக்கிப் போடவும் வேண்டாம். ஆர்பிலியா வறட்சி தாங்கும். நனைத்து வைத்தால் உயிருள்ள செல்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

*

காரத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது. சாம்பல் நிறத் தட்டு மாதிரி இருக்கும் மோலிசியா பேரினத்தில், ஆஸ்கஸ்களுக்கு நடுவே நிற்கும் மலட்டு இழைகளுக்குள் பளபளக்கும் குமிழ்களை முதலில் தண்ணீரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓரத்தில் 5 சதவீதக் காரம். சில இனங்களில் மஞ்சள் கசிந்து பரவும், சிலவற்றில் எதுவும் நடக்காது. இரண்டுமே தகவல்தான்.

*

ஆஸ்கஸ் நுனி என்ன நிறமாகிறது என்று பார்க்க விடும் அயோடின் விஷயத்தில் குழப்பம் அதிகம். லூகால் என்ற அயோடின் கரைசலுக்கு 3 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடின் போட்டு, 100 மி.லி. ஆக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அயோடின் சரியாகக் கரையாது. கவர் சிலிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை வையுங்கள். பழுப்பு நிறம் உள்ளே ஊர்ந்து வரும்போது ஆஸ்கஸ் நுனியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

நுனி நீலமானால் விஷயம் எளிது. சிவப்பானால் கவனம். அதே மாதிரியை மெல்சர் என்ற இன்னொரு அயோடின் கரைசலில் போட்டால், அதிலுள்ள குளோரல் ஹைட்ரேட்டால் அந்தச் சிவப்பு வராமலே போகலாம், நீங்களும் "எதிர்வினை இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். முன்னால் காரம் விட்டுக் கழுவியிருந்தால் அதே நுனி நீலமாகும். கழுவாமல் அயோடின் விட்டால், மிச்சக் காரம் அயோடினின் நிறத்தையே தின்றுவிடும். அதைப் பார்த்துக் கரைசல் கெட்டுப்போச்சு என்று கொட்டியவர்கள் உண்டு.

*

அளவுக்கு வருவோம். கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். 40-இல் கிடைத்த எண்ணை 100-க்குப் போடக் கூடாது. பைக்குள் இருப்பவை முற்றாத ஸ்போராக இருக்கலாம், தானே வெளியேறி மிதப்பவற்றில் 20 ஸ்போர் வரைக்கும் அளந்து பாருங்கள். மரத்தையே நீலப்பச்சையாக்கும் குளோரோசிபோரியா பேரினத்தில் ஏருஜினாசென்ஸ் என்ற இனத்தின் ஸ்போர் நீளம் சுமார் 6–10 மைக்ரான், ஏருஜினோசா என்ற இனத்துக்கு 9–14. நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால், இரண்டு மூன்று ஸ்போரை வைத்துப் பெயர் வைப்பது சூதாட்டம். பழைய நூல்களின் அளவுகள் பெரும்பாலும் காய்ந்த மாதிரியில் எடுத்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

*

எத்தனை கீற்று வெட்டியும் ஆஸ்கஸே தென்படவில்லையா? வெள்ளை மயிர் மூடிய கிண்ணமாக இருந்தால் லாக்னம் என்ற மயிர்க் கிண்ணப் பூஞ்சை என்று உடனே எழுதிவிடாதீர்கள். லாக்னத்தில் மலட்டு இழைகள் ஈட்டி முனையோடு ஆஸ்கஸ்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, கொம்பு மாதிரி காம்புகளின் நுனியில் ஸ்போர் வெளியே உட்கார்ந்திருந்தால் அது பேசிடியம், அதாவது காளான் வகைகளின் ஸ்போர் தாங்கி. கையில் இருப்பது லாக்னெல்லா போன்ற, கிண்ண வேடம் போட்ட காளான் உறவு. இனி அடையாள நூலில் வேறு பகுதியைப் புரட்டணும்.