தகட்டைக் கழற்றினால் அடியில் கறுப்பு: உலோகம் எலும்புக்குள்ளும் போகுமா?

ஹட்டன் பிசியோ:
வணக்கம். மலைச்சரிவில் வழுக்கிக் கால் முறிந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் தகடு வைத்து, ஒன்றரை வருடத்தில் கழற்றுகிறார்கள். ஸ்குரூத் தலையைச் சுற்றிச் சதை கறுத்திருந்தது, சீழ் இல்லை என்று ஒப்பரேஷன் தியேட்டர் குறிப்பு வருகிறது. 'உள்ளே துருப்பிடித்துவிட்டது' என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) ஒரே பயம். திரும்ப மலைக்கு அனுப்புமுன் எதைப் பார்ப்பது?

பதுளை உலோகம்:
வீட்டுக் கத்தியில் பிடிக்கிற துரு இல்லை இது. 316எல்லில் குரோமியம் 17-19 சதவீதம், நிக்கல் 13-15. மேலே சில நானோமீட்டர் தடிப்பில் இருக்கும் குரோமியம் ஒட்சைட்டுப் படலம்தான் காவல். கீறல் பட்டாலும் ஒட்சிசன் கிடைத்தால் உடனே மூடிக்கொள்ளும். ஸ்குரூத் தலை துளையில் உட்காரும் இடுக்கில் அது நடக்காது: ஒட்சிசன் தீரும், குளோரைட்டு சேரும், அமிலம் ஏறும். அதே இடம் ஒவ்வொரு எட்டுக்கும் மயிரிழை அசைந்து உரசினால் படலம் கிழிந்துகொண்டே இருக்கும். கழன்று வரும் பொடிதான் அந்தக் கறுப்பு.

எலும்புக்குள்ளும் போகும். கரையும் உலோக அயன்கள் எலும்பின் இரத்தக் கால்வாய்கள் வழியாகப் போய் எலும்பின் கனியுப்பில் ஒட்டும். பொடி எலும்பு மச்சையில் தங்கும். மூட்டு மாற்றியவர்களின் எலும்பிலும் மச்சையிலும் கோபால்ட், குரோமியம், டைட்டானியம் இருந்ததை 2020இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனைக் குழு காட்டியது.

கண்டி ஓர்த்தோ:
பெரும்பாலும் கறை மட்டுந்தான். பொடி 10 மைக்ரோனுக்கும் சிறிதாகி நிறையச் சேர்ந்தால்தான் கெடுதல்: வெள்ளணுக்கள் விழுங்கிக் கொடுக்கும் சைகையில் எலும்பை அரிக்கும் செல்கள் கிளம்பும், ஸ்குரூ தளரும், தளர்ந்தால் இன்னும் உரசும். எக்ஸ்ரேயில் ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிவது இப்படி எலும்பு அரிபடுவதால்தான். ஆனால் கிருமியும் அதே வளையத்தைத் தரும். சீழ் இல்லை என்று விட்டுவிடாமல் ஐந்து இடத்துத் திசுவைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும்.

வைக்கும்போதே கவனம் வேண்டும். ஸ்டீல் தகட்டில் டைட்டானியம் ஸ்குரூ கலக்கவே கூடாது. தகட்டை முன்னும் பின்னும் வளைக்கக் கூடாது. 3.5 மில்லிமீற்றர் லொக்கிங் ஸ்குரூவை (தகட்டுத் துளையிலேயே பூட்டிக்கொள்வது) 1.5 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையில் தானாக நிற்கும் டிரைவரால்தான் இறுக்க வேண்டும்.

ஹட்டன் பிசியோ:
நன்றி சேர். டைட்டானியம் வைத்தால் தப்பலாமா? கசிந்த உலோகத்தை இரத்தத்தில் பார்க்கலாமா?

கண்டி ஓர்த்தோ:
டைட்டானியம் உரசலுக்கு இன்னும் மெது. அதன் பொடியும் கறுப்புத்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது நல்லது. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா என்று ஒப்பரேஷனுக்கு முன்னமே கேளுங்கள். தகட்டுக்கு இரத்தச் சோதனை வீண். உலோகத்தில் உலோகம் உரசும் இடுப்பு மூட்டுக்குத்தான் கோபால்ட், குரோமியம் பார்ப்பது. அதிலும் ஊசியின் உலோகம் கலக்காமல் முதல் குழாய் இரத்தத்தை விட்டுவிட வேண்டும்.

மலைக்கு அனுப்புமுன் பார்க்க வேண்டியது வேறு. கழற்றிய துளைகள்தான் இப்போது எலும்பின் பலவீனம். மூன்று மாதமாவது கொழுந்துக் கூடையும் இறக்கமும் வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்கும்போது துளை இருந்த இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறதா பாருங்கள். வலித்தால் திரும்ப எக்ஸ்ரே.