கொழும்பு வானின் புகையும் தூசும்: செய்மதிப் படங்களில் கண்டவை

செய்மதிப் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் மூவரின் குறிப்புகள் இவை.

வெள்ளவத்தையிலிருந்து:

2022 டிசம்பர் 8ஆம் திகதி கொழும்பின் மீது சாம்பல் நிறப் புகைமூட்டம் கவிந்து, மறுநாள் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அது எங்கிருந்து வந்தது என்று அறியும் தவிப்பில் நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ செய்மதிப் படத் தளத்தைத் திறந்தேன். வங்காள விரிகுடாவில் நிலைகொண்டிருந்த மண்டோஸ் சூறாவளி, இந்தியாவின் மாசடைந்த காற்றை நம் பக்கம் இழுக்கிறது என்று அதிகாரிகள் விளக்கியிருந்தார்கள். ஆனால் அந்தச் சூறாவளியின் மேகத்திரளே நான் பார்க்க விரும்பிய கடற்பரப்பை மறைத்து நின்றது. சாதாரண வண்ணப் படம் மேகத்துக்குக் கீழே உள்ளதைக் காட்டாது என்பதால் முந்தைய நாட்களின் படங்களுக்குச் சென்று, குளிர்காலந்தோறும் கங்கைச் சமவெளியில் தேங்கும் வெளிறிய படலத்தைக் காற்றின் திசையோடு சேர்த்துப் பார்த்தேன். அதற்குப் பிறகே அந்த விளக்கம் எனக்குப் பொருந்தி வந்தது.

அந்த மூட்டத்தை வெறும் தீயின் புகை என்று கூறுவதை நான் ஏற்கவில்லை. பஞ்சாபில் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் வைக்கோல் தாளை எரிப்பது பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடப்பது. டிசம்பர் மூட்டத்தில் வாகனங்கள், தொழிற்சாலைகள், வீட்டு அடுப்புகள் ஆகியவற்றின் பங்கும் உண்டு. மேலும், செய்மதி வளிமண்டலத்தை உச்சியிலிருந்து தரைவரை ஒரே தொகுப்பாகவே பார்க்கிறது. படத்தில் அடர்த்தியாகத் தெரியும் புகை பல கிலோமீற்றர் உயரத்திலேயே கடந்து போகலாம்; மெல்லியதாகத் தெரிவது முழுவதும் நாம் சுவாசிக்கும் உயரத்தில் தேங்கியிருக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே அனுப்பலாமா என்று தீர்மானிப்பவர்கள் தரையில் உள்ள அளவீட்டுக் கருவியின் எண்ணையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

என் ஆர்வம் தூசைப் பற்றியது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அரேபியப் பாலைவனத் தூசு அரபிக்கடலின் மேல் மண்ணிறப் பட்டையாக நீள்வதை வண்ணப் படங்களிலேயே காணலாம். புகையோ சற்று நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். இரவில் இந்த வேறுபாடு உதவாது. அப்போது ஐரோப்பிய வானிலைச் செய்மதியான மீட்டியோசாட்டின் தூசுப் படத்தைப் பார்க்கிறேன். ஏறத்தாழ 11, 12 மைக்ரோமீற்றர் அலைநீளங்களில் தூசின் வெப்பக் கதிர்வீச்சு வேறுபடுவதால், அது இளஞ்சிவப்பாகத் துலங்குகிறது. 15 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைப்பதால் தூசு நகரும் திசையையும் தொடரலாம். கடலில் சூரிய ஒளி பட்டுத் தெறிக்கும் இடமும் வெளிறிய பட்டையாகத் தெரியும் என்பதைப் புதியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முற்பகலில் கடக்கும் நாசாவின் டெரா செய்மதியின் படத்தையும், பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடக்கும் வேறு செய்மதிகளில் உள்ள வீர்ஸ் என்ற படமெடுக்கும் கருவியின் படத்தையும் ஒப்பிட்டால், ஒளித்தெறிப்பு இடம் மாறியிருக்கும். தூசோ காற்றுப் போகும் திசையில் மட்டுமே நகர்ந்திருக்கும்.

தெஹிவளையிலிருந்து:

என் பெற்றோர் பண்டாரவளையில் இருப்பதால், வரட்சிக் காலத்தில் ஊவா மலைப் புல்வெளிகள் எரியும்போது தீப்புள்ளிகளை, செய்மதிகள் கண்டறியும் தீக்களைக் காட்டும் நாசாவின் ‘ஃபேர்ம்ஸ்’ இணைய வரைபடத்தில் தேடுவேன். வீர்ஸ் கருவியின் ஒரு படப்புள்ளி 375 மீற்றர் அகலம் கொண்டது. அதற்குள் தீ சரியாக எந்த இடத்தில் எரிகிறது என்பதை அது சொல்லாது. செய்மதி கடந்துபோன பின் மூண்டு, அடுத்த முறை வருமுன் அணைந்துவிடும் தீ அதில் பதிவாவதே இல்லை. ஆகையால் வரைபடத்தில் புள்ளி எதுவும் இல்லாத நாட்களிலும் அம்மாவுக்கு அழைப்பெடுத்து, மலைப்பக்கம் புகை தெரிகிறதா என்று கேட்டுவிடுகிறேன்.